பப்ளிமாஸா, கடாரங்காயா, கிரேப்ஃப்ரூட்டா? வாங்கும் முன் பிரித்தறியும் வழி

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் சாலையில் ஒரு கடை. தேங்காய் பருமனில், பச்சையும் மஞ்சளுமாக ஒரு குவியல் கிடந்தது. "பப்ளிமாஸ்தானேங்க?" என்றேன். "ஆமாங்க, நல்லா இனிக்கும்" என்றார் கடைக்காரர். இரண்டு வாங்கி வந்தேன். வீட்டில் வெட்டியபோது கத்தி சறுக்கென்று இறங்கியது, மேசையெல்லாம் சாறு. ஒரு சுளையை வாயில் போட்ட பிள்ளை உடனே துப்பினான். அம்மா வந்து தோலை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கடாரங்காய்டா. ஊறுகாய்க்கு ஆச்சு, விடு" என்றார். இரண்டு ஜாடி ஊறுகாய் கிடைத்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாற்பது வயதில் ஒரு பழத்தை இன்னதென்று சொல்லத் தெரியவில்லையே என்பது உறுத்தியது. அதற்குப் பிறகு கண்ணில் பட்ட பெரிய பழத்தையெல்லாம் வாங்கி, வெட்டி, எடை போட்டு, தின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இது.

முதலில் பெயரை ஒதுக்கி வையுங்கள்

தொடக்கக்காரரைத் தடுக்கி விழவைப்பது பெயர்தான். பப்ளிமாஸ், பம்ப்ளிமாஸ், பம்பளிமாஸ் எல்லாம் ஒரே பழம். டச்சுக்காரர்கள் சொன்ன 'பாம்பெல்மூஸ்' நம் வாயில் உருண்டு இப்படி ஆனது. கன்னம் உப்பிய குழந்தையை 'பப்ளிமாஸ்' என்று கொஞ்சுகிற பலர் அந்தப் பழத்தைப் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை. கர்நாடகத்தில் இதற்குச் சக்கோத்தா என்று பெயர். பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியின் சக்கோத்தா புவிசார் குறியீடு பெற்றது. வங்காளத்தில் 'பாதாபி லேபு' என்பார்கள், பட்டாவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து வந்த எலுமிச்சை என்று பொருள். மலேசியாவில் 'லிமாவ் பாலி'. ஈப்போ பக்கத்துத் தம்புனில் விளைவதற்கு அங்கே தனி மவுசு. பெரிய அங்காடிகளில் வலைப்பைக்குள் 'ஹனி போமெலோ' என்று ஒட்டி விற்பதும் இதே இனம்தான், சீனாவில் விளைந்தது.

இதுவரை சிக்கல் இல்லை. கிரேப்ஃப்ரூட் வந்ததும் குழப்பம் தொடங்குகிறது. அகராதி சிலவற்றில் கிரேப்ஃப்ரூட்டுக்கு நேராகவே 'பப்ளிமாஸ்' என்று போட்டிருக்கும். அதை நம்பி எழுதப்படும் ஆரோக்கியக் குறிப்புகள் கிரேப்ஃப்ரூட்டின் சத்து அளவுகளை எடுத்துப் பப்ளிமாஸின் தலையில் ஏற்றிவிடுகின்றன. இன்னும் மோசம், கைப்பேசி மொழிபெயர்ப்பு அதைத் 'திராட்சைப்பழம்' என்று ஆக்குவது. அந்தக் கோளாறு எங்கள் அத்தையை என்ன செய்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நார்த்தங்காய், கடாரங்காய் கதையும் இப்படித்தான். ஒரு மாவட்டத்தில் நார்த்தங்காய் என்பதை அடுத்த மாவட்டத்தில் கடாரங்காய் என்பார்கள், சில ஊர்களில் கிடாரங்காய். எங்கள் வீட்டு வழக்கில் நார்த்தங்காய் என்றால் கைக்குள் அடங்குவது, எலுமிச்சைக்கு அண்ணன். கடாரங்காய் அதற்கும் பெரிது. உங்கள் வீட்டில் மாறியிருக்கலாம், சண்டைக்கு வரவேண்டாம். தாவரவியல் புத்தகங்கள் நார்த்தை என்றதும் 'சிட்ரஸ் மெடிகா' என்று எழுதும். சந்தையில் அந்தப் பெயரில் வருவதெல்லாம் அதுவாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. கலப்பினங்கள் நிறைய.

ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன?

இந்தக் கூட்டம் முழுக்க நெருங்கிய சொந்தம். இன்று நாம் சாப்பிடும் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் பெரும்பாலானவை மூன்று மூதாதைகளிலிருந்து கிளைத்தவை: பப்ளிமாஸ், சிட்ரான் என்கிற சிட்ரஸ் மெடிகா, அப்புறம் கமலா ஆரஞ்சின் இனமான மாண்டரின். பப்ளிமாஸும் மாண்டரினும் கலந்து வந்தது ஆரஞ்சு. சிட்ரானும் கசப்பு ஆரஞ்சும் கலந்தது லெமன். கிரேப்ஃப்ரூட் கதைதான் வேடிக்கை. பப்ளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் சேர்ந்து, கரீபியக் கடலில் உள்ள பார்படோஸ் தீவில் பிறந்த பழம் அது. 1750இல் வெளிவந்த ஒரு நூலில் கிரிஃபித் ஹியூஸ் என்ற பாதிரியார் அதை 'விலக்கப்பட்ட கனி' என்று குறிப்பிட்டார். ஆரஞ்சிலேயே பப்ளிமாஸ் ரத்தம் ஓடுவதால், கிரேப்ஃப்ரூட்டுக்குப் பப்ளிமாஸ் ஒரு பக்கம் பெற்றவர், இன்னொரு பக்கம் பாட்டி முறை! கொத்தாகக் காய்ப்பது திராட்சைக் குலை போலத் தெரிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். மற்றபடி திராட்சைக்கும் இதற்கும் ஒரு உறவும் கிடையாது.

ஆகவே ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று, நான்கு ஒத்துப்போனால் சரி.

கடையில் நிற்கும்போது: கையில் எடு, அழுத்து, கீறு

அளவைப் பாருங்கள். சிட்ரஸ் இனத்திலேயே பெரிய பழம் பப்ளிமாஸ். ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை சாதாரணம். குழந்தையின் தலை அளவு இருக்கும். காம்புப் பக்கம் சற்றே கூம்பி, பேரிக்காய் சாயலில் இருப்பது பல ரகங்களில் உண்டு. சில ரகங்கள் நல்ல உருண்டை. கிரேப்ஃப்ரூட் பெரிய சாத்துக்குடியின் பருமன்தான், கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை. மேலும் கீழும் லேசாகத் தட்டையாக இருக்கும். நம் ஊர்த் தெருக்கடையில் கிரேப்ஃப்ரூட் வருவது அரிது, பெரும்பாலும் ஸ்டிக்கர் ஒட்டி வெளிநாட்டிலிருந்து வரும். எனவே மலைச்சாலைக் கடையில் உங்கள் குழப்பம் பெரும்பாலும் பப்ளிமாஸா கடாரங்காயா என்பதுதான்.

அடுத்தது கட்டை விரல். பழத்தை அழுத்திப் பாருங்கள். பப்ளிமாஸின் தோல் உள்வாங்கி மெல்ல எழும்பும், பழைய பஞ்சு மெத்தையை அழுத்தியது போல. உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு அப்படி. கிரேப்ஃப்ரூட் அழுத்தத்துக்கு இறுகி நிற்கும், தோலுக்குக் கீழேயே சதை இருப்பது விரலுக்குத் தெரியும். கடாரங்காயும் கெட்டியாகத்தான் இருக்கும். அத்தோடு தோல் கரடு, மேடும் பள்ளமுமாக. பப்ளிமாஸ் தோலில் புள்ளிகள் இருந்தாலும் தடவினால் வழவழப்பு.

பிறகு வாசனை. கடைக்காரர் திட்டாத அளவுக்கு நகத்தால் லேசாக ஒரு கீறல். நார்த்தை, கடாரங்காய் வகை என்றால் மூக்கில் ஏறும் காரமான நெடி உடனே வரும், ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல. பப்ளிமாஸ் அப்படிப் பாயாது. மெல்லிய, பூவை நினைவூட்டும் மணம். கிரேப்ஃப்ரூட் இரண்டுக்கும் நடுவில், ஆரஞ்சு மணத்தோடு ஒரு கசப்புச் சாயல். இதை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியாது, மூன்று முறை முகர்ந்தால் மறக்கவும் முடியாது.

நிறத்தை மட்டும் நம்பவேண்டாம். பச்சையாக இருக்கும் பப்ளிமாஸ் உள்ளே நன்றாகப் பழுத்திருக்கும், தளதளவென்ற மஞ்சளில் இருப்பது கடாரங்காயாக இருக்கும். சதையின் நிறமும் அப்படியே. பப்ளிமாஸிலும் வெள்ளை, இளஞ்சிவப்பு உண்டு, கிரேப்ஃப்ரூட்டிலும் உண்டு. சிவப்பாக இருந்தால் கிரேப்ஃப்ரூட் என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். அது தவறு. இரண்டிலும் அந்தச் சிவப்பைத் தருவது லைகோபீன், தக்காளியில் இருக்கும் அதே நிறமி.

இலை கிடைத்தால் வேலை முடிந்தது

தோட்டத்திலோ, காம்போடு இலை ஒட்டிய பழத்திலோ பார்க்க வாய்த்தால், மற்ற அடையாளமெல்லாம் இரண்டாம் பட்சம். இலைக்காம்பைப் பாருங்கள். பப்ளிமாஸ் இலையின் காம்பு இரண்டு பக்கமும் விரிந்து, குட்டி இதய வடிவில் இன்னொரு இலை போலவே இருக்கும். பெரிய இலைக்குக் கீழே சின்ன இலையை ஒட்டவைத்தது போல் தெரியும். அதைச் சிறகு என்பார்கள். கிரேப்ஃப்ரூட்டுக்கும் சிறகு உண்டு, ஆனால் குறுகியது. சிட்ரானுக்குச் சிறகு கிட்டத்தட்ட இல்லை, வெறும் காம்புதான். அதன் இலை ஓரத்தில் சிறு பற்கள் தெரியும். இளந்தளிரும் மொட்டும் ஊதா தோய்ந்திருக்கும். பப்ளிமாஸின் பூ வெள்ளை, இளங்கிளையைத் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும்.

இலையைக் கசக்கி முகருங்கள், தூரப் போடாதீர்கள். நார்த்தை இலையாக இருந்தால் நரம்பை நீக்கி, மிளகாய், ஓமம், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து இடித்தால் வேப்பிலைக்கட்டி. பெயரில் வேப்பிலை, உள்ளே ஒரு இலை கூட வேம்பு இல்லை. பெயரை நம்பவேண்டாம் என்று சொன்னேனே!

வெட்டிப் பார்த்தால் பொய் நிற்காது

குறுக்காக இரண்டாக வெட்டி, ஓர் அளவுகோலை வைத்து வெள்ளைப் பகுதியை அளந்து பாருங்கள். கிரேப்ஃப்ரூட்டில் தோலும் வெள்ளையும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டர் தாண்டுவது அபூர்வம். பப்ளிமாஸில் ஒன்றரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரைக்கும் போகும். அதாவது அவ்வளவு பெரிய உருண்டையில் பாதி வெறும் மெத்தை. சிட்ரானிலும் வெள்ளை தடிமன்தான், சில காய்களில் சதையைவிட வெள்ளையே அதிகம். ஆனால் அது பஞ்சு போல் இருக்காது, வெள்ளரி போல் இறுகி, கத்திக்கு மொறுமொறுப்பாக வரும், சதையிலிருந்து பிரியாது. தோல் சதையை விட்டுக் கழன்று வருகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பது நல்ல சோதனை. பப்ளிமாஸில் சட்டை கழற்றுவது போல் வரும்.

சுளைக்குள் போங்கள். ஒரு சுளையின் மேல்தோலை உரித்து உள்ளே இருக்கும் முத்துகளைப் பாருங்கள். பப்ளிமாஸில் அவை பெரிது, ஒவ்வொன்றும் தனித்தனியாக உதிரும். விரலில் எடுத்தாலும் உடையாது, வாயில் போட்டுக் கடித்தால்தான் சாறு. தட்டில் உதிர்த்து வைத்தால் தட்டு நனையாது. கிரேப்ஃப்ரூட்டில் முத்துகள் நுண்மையானவை, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், தொட்டாலே சாறு ஓடும். என் மேசை நனைந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சவ்வையும் தின்று பாருங்கள், ஒரே ஒரு முறை. பப்ளிமாஸின் சுளைத்தோல் தடிப்பு, கசப்பு, மெல்ல முடியாது. ஆரஞ்சைப் போல அப்படியே வாயில் போட்டு, "பப்ளிமாஸ் கசக்கிறது" என்று முடிவு கட்டியவர்கள் எத்தனையோ பேர். உள்ளே இருக்கும் முத்தில் கசப்பு மிகக் குறைவு. கிரேப்ஃப்ரூட்டில் கசப்பு சாறிலேயே கலந்திருக்கும், தப்ப முடியாது. இரண்டிலும் கசப்புக்கு முக்கியக் காரணம் நாரிஞ்சின் என்ற பொருள். அது எங்கே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

உரிப்பது எப்படி

இது தெரியாமல்தான் பலர் பப்ளிமாஸை ஒரு முறை வாங்கிவிட்டு மறுமுறை வாங்குவதில்லை. காம்புப் பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு மூடி போல் சீவி எடுங்கள். சதை தெரியவில்லையா, இன்னும் கொஞ்சம். சதை லேசாக எட்டிப்பார்த்ததும் நிறுத்துங்கள். அங்கிருந்து அடிவரைக்கும் ஆறு அல்லது எட்டுக் கோடுகள் கத்தியால் கீறுங்கள், பஞ்சு அளவுக்கு மட்டும். இப்போது கட்டை விரலை உள்ளே விட்டு, தாமரை இதழை விரிப்பது போல ஒவ்வொரு துண்டாக இழுங்கள். ஒட்டிய பஞ்சைப் பிய்த்து எடுங்கள். நடுவில் விரலை விட்டுப் பழத்தை இரண்டாகப் பிளந்து, சுளையைப் பிரித்து, சுளையின் ஒல்லியான ஓரத்தில், அதாவது விதை இருக்கும் பக்கத்தில், கீறி சவ்வைப் பின்னோக்கி மடக்கினால் முத்துக் கட்டி முழுசாகக் கையில் வரும். முதல் பழத்துக்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது. இப்போது பத்து நிமிடம்.

உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்காரர்களுக்கும் இதே பழக்கம் உண்டு. முத்துகளை உதிர்த்து, வறுத்த வேர்க்கடலை, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி சேர்த்துக் கிளறினால் மாலை நேரத்துக்கு நல்ல சாலட். உரித்த தோலின் மேல்பாதியைப் பிள்ளைகள் தலையில் தொப்பியாக மாட்டிக்கொள்வார்கள். தடுக்காதீர்கள்.

வாங்கும்போது ஒரு சின்ன உத்தி. ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். லேசாக இருப்பதில் பஞ்சு அதிகம், இல்லையென்றால் உள்ளே வறண்டிருக்கும். சிட்ரஸ் பழங்கள் பறித்த பிறகு மாம்பழம் போல் பழுத்து இனிப்பேறுவதில்லை. ஆனாலும் பப்ளிமாஸை ஒரு வாரம் வெளியிலேயே வைத்தால் தோல் லேசாகச் சுருங்கி உரிக்க எளிதாகும். தடித்த தோல் இருப்பதால் வாரக்கணக்கில் தாங்கும். உரித்துவிட்டால் மட்டும் மூடி போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

கடாரங்காயை வாங்கிவிட்டீர்கள் என்றால், என்னைப் போல, கவலை வேண்டாம். தயிர்சாதத்துக்கு அதைவிட ஏது? நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அறுத்து, உள்ளே உப்பை அடைத்து வெயிலில் காயவைத்து எடுத்தால் வருடக்கணக்கில் கெடாது.

சத்துக் கணக்கு

இங்கேதான் பெயர்க் குழப்பம் எண்களில் தெரியும். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, 100 கிராம் பப்ளிமாஸ் சதையில் 38 கலோரி, மாவுச்சத்து 9.6 கிராம், வைட்டமின் சி 61 மில்லிகிராம், பொட்டாசியம் 216 மில்லிகிராம். அதே 100 கிராம் சிவப்பு கிரேப்ஃப்ரூட்டில் 42 கலோரி, மாவுச்சத்து 10.7 கிராம், வைட்டமின் சி 31 மில்லிகிராம், பொட்டாசியம் 135 மில்லிகிராம். வைட்டமின் சி-யில் பப்ளிமாஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கிரேப்ஃப்ரூட்டின் எண்ணை எடுத்துப் பப்ளிமாஸுக்குப் போட்டால் எவ்வளவு தப்பு என்று பாருங்கள். ஒப்பிட, ஆரஞ்சில் வைட்டமின் சி 53 மில்லிகிராம்.

மறுபக்கம், சிவப்பு கிரேப்ஃப்ரூட்டில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டின் உண்டு, பப்ளிமாஸில் அது பேருக்குத்தான். நார்ச்சத்தும் அட்டவணையில் கிரேப்ஃப்ரூட்டுக்குத்தான் அதிகம், 1.6 கிராம். பப்ளிமாஸுக்கு 1 கிராம். சவ்வையெல்லாம் உரித்துப் போட்டுவிட்டு முத்தை மட்டும் தின்கிறோமே, அப்புறம் நார் எங்கிருந்து வரும்?

100 கிராம் கணக்கு புத்தகத்துக்குச் சரி. தட்டில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க, நான் வாங்கிய ஒரு பழத்தை எடை போட்டேன். முழுப் பழம் 1 கிலோ 340 கிராம். தோல், பஞ்சு, சவ்வு, விதை போக மிஞ்சியது 610 கிராம். பாதிக்கும் குறைவு. அந்த 610 கிராமில் சுமார் 230 கலோரி, 370 மில்லிகிராம் வைட்டமின் சி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன அன்றாடத் தேவை ஆண்களுக்கு 80, பெண்களுக்கு 65 மில்லிகிராம். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு பழம் ஒரு நாள் தேவையைத் தாண்டிவிடும். இதையே கொய்யாவோடு வைத்துப் பார்த்தால் பப்ளிமாஸ் பெருமையடிக்க முடியாது. கொய்யாவில் 100 கிராமுக்கு 228. சத்துக்காக மட்டும் என்றால் தெருமுனைக் கொய்யாவே போதும், விலையும் மலிவு. பப்ளிமாஸை ருசிக்காக வாங்குங்கள்.

சர்க்கரை நோயாளிகள் "புளிப்புப் பழம்தானே" என்று முழுப் பழத்தை முடித்துவிடக் கூடாது. பாதிப் பழம் என்றாலே 29 கிராம் மாவுச்சத்து. ஒரு கிண்ணத்தோடு நிறுத்துவது நல்லது, சாறாகப் பிழிவதைவிட முத்தாகவே தின்பது நல்லது. சிறுநீரகக் கோளாறுக்குப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும், என் பழத்தின் மொத்தப் பொட்டாசியம் 1,300 மில்லிகிராமைத் தொட்டது. நார்த்தை, கடாரங்காய் ஊறுகாயில் சத்துக் கணக்கு பார்ப்பதைவிட உப்புக் கணக்கு பார்ப்பதுதான் முறை. ரத்த அழுத்தக்காரர்கள் தொட்டுக்கொள்ளலாம், பிசைந்துகொள்ள வேண்டாம்.

கிரேப்ஃப்ரூட் கொழுப்பைக் கரைக்கும் என்பது அமெரிக்காவில் 1930களிலேயே கிளம்பிய 'ஹாலிவுட் டயட்' கதை. எந்தப் பழமும் கொழுப்பைக் கரைக்காது. வடைக்குப் பதிலாகத் தின்றால் கலோரி குறையும், அவ்வளவுதான்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படிக்காமல் போகாதீர்கள்

எங்கள் அத்தைக்குக் கொலஸ்ட்ராலுக்காக அடோர்வாஸ்டாட்டின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாத்திரை அட்டைக்குள் இருந்த ஆங்கிலத் துண்டுத்தாளைப் பேரன் கைப்பேசியால் படம் பிடித்துத் தமிழாக்கிக் காட்டினான். 'திராட்சைப்பழச் சாறு அதிகம் அருந்த வேண்டாம்' என்று வந்தது. அத்தை அன்றோடு திராட்சையை விட்டார். எட்டு மாதம் தொடவில்லை, பாயசத்தில் கிடந்த உலர் திராட்சையைக் கூடப் பொறுக்கி எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைப்பார். ஆனால் கொல்லையில் இருந்த மரத்துப் பப்ளிமாஸை வாரத்துக்கு இரண்டு தின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தாள் சொன்னது கிரேப்ஃப்ரூட்டை. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி என்ற மருந்தியலாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தது. மதுவின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாறில் கலந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. தோண்டிப் பார்த்ததில், குற்றவாளி மது அல்ல, மறைப்புக்காக ஊற்றிய சாறு.

நடப்பது இதுதான். நாம் விழுங்கும் பல மாத்திரைகளில் ஒரு பங்கைக் குடல் சுவரில் உள்ள ஒரு நொதி வழியிலேயே உடைத்துவிடும். மிச்சம்தான் ரத்தத்துக்குப் போகும், அதைக் கணக்கிட்டுத்தான் மாத்திரையின் அளவே முடிவாகிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரானோகூமரின் என்ற பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடும். வாசலில் சோதனை போடுகிறவர் இல்லையென்றால் கூட்டம் முழுக்க உள்ளே வந்துவிடும் இல்லையா, அப்படி. குடல் புதிதாக நொதியை உற்பத்தி செய்ய ஒரு நாளுக்கு மேல், சிலசமயம் மூன்று நாள் வரை ஆகும். அதனால் "காலையில் பழம், ராத்திரி மாத்திரை" என்ற சமாளிப்பு வேலைக்கு ஆகாது.

இத்தனை நேரம் பப்ளிமாஸ் வேறு, கிரேப்ஃப்ரூட் வேறு என்று பிரித்துக் காட்டினேன். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பிரிவினை உங்களைக் காப்பாற்றாது. பப்ளிமாஸிலும் அதே ஃபியூரானோகூமரின்கள் உண்டு, ரகத்துக்கு ரகம் அளவு மாறும். மார்மலேட் போடும் கசப்பு ஆரஞ்சிலும் உண்டு. சாத்துக்குடி, கமலா, சாதாரண ஆரஞ்சு இவற்றில் இந்தத் தொல்லை இல்லை. கவனிக்க வேண்டிய மருந்துகளில் சில: சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின், ஃபெலோடிபின், நிஃபெடிபின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன், உறுப்பு மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ். ஒரே வேலை செய்யும் எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. கொலஸ்ட்ரால் மருந்திலேயே ரோசுவாஸ்டாட்டின், பிரவாஸ்டாட்டின் இரண்டும் இந்த நொதியை நம்பியிருப்பவை அல்ல. பட்டியல் பெரிது, உங்கள் மாத்திரைப் பெயரை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது 'பப்ளிமாஸ்' என்று மட்டும் சொன்னால் அவருக்கும் புரியாமல் போகலாம். 'போமெலோ, கிரேப்ஃப்ரூட் மாதிரி' என்று சேர்த்துச் சொல்லுங்கள். பழத்துக்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அத்தையை நான்தான் மருத்துவரிடம் கூட்டிப் போனேன், பையில் ஒரு பப்ளிமாஸையும் போட்டுக்கொண்டு. அவர் அதைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கால் வலி, தசை வலி ஏதும் உண்டா என்று கேட்டார், ரத்தப் பரிசோதனை எழுதினார், பிறகு மருந்தை ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றினார். வெளியே வந்ததும் அத்தை முதலில் வாங்கியது அரைக் கிலோ பன்னீர் திராட்சை. ஆட்டோவிலேயே பாதி காலி.